அயர்லாந்துத் திருச்சபையின் உபரி நிதி

அரசிலிருந்து பிரிக்கப்பட்ட ஒரு திருச்சபையின் சொத்து யாருக்குரியது என்ற வினாவைச் சமயப் பிரச்சினையாக மட்டும் நோக்குவது பொருந்தாது. அது நிலவுடைமையின் பிரச்சினையுமாகும் என்பதற்கு அயர்லாந்தே தக்க சான்று.

1861ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அந்நாட்டு மக்களுள் அரச திருச்சபையைச் சார்ந்தோர் நூற்றுக்கு 12 பேரளவினரே. பெரும்பான்மையினர் கத்தோலிக்கர். ஆயினும் நிலத்தின் மீதான தசமபாகமே அச்சபையைத் தாங்கி நின்றது. 1838இன் பின் அது நிலப்பிரபுக்களிடமே அறவிடப்பட்டதெனினும், அதன் சுமை குத்தகையினூடாகக் குடியானவனையே சென்றடைந்தது. கிளாட்ஸ்டன் அரசாங்கத்தின் 1869ஆம் ஆண்டுச் சட்டத்தால், 1871 ஜனவரி 1இல் திருச்சபை அரசிலிருந்து பிரிந்தது. குருமாரின் ஆயுட்கால உரிமைகளுக்கும், மேனூத் கல்லூரிக்கும், பிரெஸ்பிற்றேரியன் சபைக்கும் ஈடு வழங்கியபின் எஞ்சுவதே உபரி. தவிர்க்கவியலாத இடர்களையும் துன்பங்களையும் தணிப்பதற்கே அது பிரதானமாகப் பயன்படல் வேண்டுமென்றும், எந்தச் சபைக்கோ சமயபோதனைக்கோ செல்லலாகாதென்றும் சட்டம் விதித்தது.

இவ்வுபரி கையிருப்புப் பணமன்று என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும். தசமபாகம் ஒழிக்கப்படவில்லை, திருச்சபைக்குப் பதிலாக ஆணைக்குழு அதனை அறவிட்டது. அவ்வருமானத்தை நம்பியே செலவுகள் செய்யப்பட்டன.

1878இல் 10 இலட்சம் பவுண் இடைநிலைக் கல்விக்கும், 1879இல் 13 இலட்சம் பவுண் ஆசிரியர் ஓய்வூதியத்துக்கும் ஒதுக்கப்பட்டன. முன்னையது பரீட்சைப் பெறுபேற்றுக்கேற்பப் பாடசாலைகளுக்கு வழங்கப்பட்டது. சமயபாடத்துக்குப் பணமில்லை என்பது உண்மையே. ஆனால் பணம் பெற்ற பாடசாலைகளிற் பெரும்பாலானவை சமய நிறுவனங்களுக்குரியவை! கல்வி எவ்வகையில் ‘தவிர்க்கவியலாத இடர்’ ஆகும் என்பது வேறு கேள்வி.

1882இன் குத்தகை நிலுவைச் சட்டமே நமது கவனத்துக்கு மிகவுரியது. 30 பவுணுக்கு மேற்படாத மதிப்புள்ள காணியை உழுதவன் ஓராண்டுக் குத்தகையைச் செலுத்தினால், முந்தைய நிலுவையின் பாதியை, ஓராண்டுக் குத்தகைக்கு மேற்படாமல், உபரி நிதி செலுத்தும். எஞ்சிய நிலுவை இரத்தாகும். வெளியேற்றத்தின் விளிம்பில் நின்ற குடியானவனுக்கு இது மெய்யான ஆறுதலே. எனினும் பணம் சென்றடைந்த இடம் நிலப்பிரபுவின் கை. குடியானவனின் உழைப்பிலிருந்து திருச்சபைக்குத் திரண்ட செல்வம், அவன் பெயரால், அவனைச் சுரண்டியவனுக்கே வழங்கப்பட்டதெனலாம்.

சட்டத்தின் மூலநோக்கத்தை ஓரளவு அணுகியது 1891இல் அமைந்த நெருக்கடிப் பிரதேசச் சபையே. 15 இலட்சம் பவுணின் வட்டியாக ஆண்டுதோறும் 41,250 பவுண் அதற்குக் கிடைத்தது. மேற்குக் கரையின் வறிய கிராமங்களில் இறங்குதுறைகளும், மீன்பிடியும், நெசவும் அதனால் ஊக்கம் பெற்றன. பின்னர் பெருநிலங்களை வாங்கிக் குடியானவர்க்குப் பகிரும் பணியும் அச்சபையிடம் வந்தது. அதற்குள் உபரியின் பெரும்பகுதி வேறு வழிகளிற் கரைந்துவிட்டிருந்தது.