எந்திரத்தோடு வருகிற ஆள்

எந்திரம் என்றால், காசு கொடுத்ததும் வாங்கினவருக்குச் சொந்தமாகிவிடுகிற பொருள் என்றுதான் பொதுப்புத்தி நினைக்கிறது. சிப் உற்பத்தியில் இந்த நினைப்பு செல்லாது. நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் நிறுவனம் செய்கிற 'ஈயூவி' எந்திரத்தை எடுத்துக்கொள்வோம். சிலிக்கான் தகட்டின் மேல் மின்சுற்றின் வடிவத்தை ஒளியால் பதிப்பது இதன் வேலை. உருகிய வெள்ளீயத் துளிகள் நொடிக்கு 50,000 வீதம் பாய, ஒவ்வொன்றையும் லேசர் இருமுறை தாக்குகிறது. அதில் பிறக்கும் 13.5 நானோமீட்டர் அலைநீள ஒளியைக் காற்றே விழுங்கிவிடும். எனவே எல்லாம் வெற்றிடத்துக்குள் நடந்தாக வேண்டும். இப்படிப்பட்ட ஒன்று தானாக ஓடுவதில்லை. இரவுபகலாக ஓட வைக்கப்படுகிறது.

ஓட வைக்கிறவர்களில் பலர் படிப்பை முடித்து ஒன்றிரண்டு வருஷமே ஆன பொறியாளர்கள். சம்பளம் தருவது எந்திரம் விற்ற கம்பெனி. வேலை நடப்பதோ வாங்கினவரின் ஆலையில். தலைமுதல் கால்வரை மூடிய உடுப்பு, மஞ்சள் வெளிச்சம், ராத்திரி ஷிப்ட். முன்னால் ஒரு செய்முறைப் பட்டியல்: இந்தத் திருகுக்கு இவ்வளவு முறுக்கு, இந்த உதிரியை மாற்று, சோதனைத் தகடு ஓட்டிப் பார், கையெழுத்துப் போடு. பட்டியலை மீறி யோசிக்காதே என்பதுதான் முதல் பாடம்.

சமூகத்தின் பொது அறிவு எந்திரத்துக்குள் போய் உறைகிறது, தொழிலாளி அதன் பக்கத்தில் நிற்கிற கண்காணிப்பாளனாகிறான் என்று 1857-58 குறிப்பேடுகளில் மார்க்ஸ் எழுதினார். பட்டியலோடு நிற்கிற பையனையோ பெண்ணையோ பார்த்தால் சரிதானே என்று தோன்றும். ஆனால் பட்டியல் முடிந்துபோகிற இடம் ஒன்று இருக்கிறது. எல்லாப் படியும் செய்தாச்சு; மெஷின் இன்னும் எழும்பலை. அப்போது கைகொடுப்பது ஆவணமல்ல. 'போன மாசம் பக்கத்து மெஷின்லயும் இதே மாதிரிதான் வந்துச்சு' என்று சீனியர் சொல்கிற கதை. நகலெடுக்கும் எந்திரங்களைப் பழுதுபார்ப்பவர்களோடு திரிந்து ஜூலியன் ஆர் எழுதி 1996இல் வெளிவந்த நூலும் இதையே காட்டியது: பழுதறியும் அறிவு கையேட்டைவிட அவர்களின் பேச்சில்தான் புழங்குகிறது. ஆக, உறைந்த உழைப்பு மட்டும் போதாது. அதை உருக்க உயிருள்ள உழைப்பு கூடவே நிற்க வேண்டும்.

'தொழில்நுட்பம்' பற்றிய நம் சொல்லாடல்கள் தவறவிட்ட இந்த விஷயம் அரசுகளுக்கு நன்றாகவே தெரியும். 2022 அக்டோபர் 7 அன்று அமெரிக்கா அறிவித்த விதிகள் சீனாவுக்குப் போகும் எந்திரங்களை மட்டும் தடுக்கவில்லை. அங்குள்ள மேம்பட்ட சிப் ஆலைகளுக்கு அமெரிக்கக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உரிமமின்றி உதவுவதையும் தடுத்தன. ஏற்கெனவே விற்று, காசும் வாங்கி, ஆலைக்குள் நிறுத்திய மெஷின் அங்கேயே இருக்கும்; கைதான் திரும்பிப் போக வேண்டும். திருகு முடுக்கக் கற்றுக்கொண்ட ஒரு கையும் ஏற்றுமதிச் சரக்காகிவிட்டது.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. கம்பெனிக் கணக்கில் அந்த இளைஞர் கடைசிப்படி ஊழியர். கற்றதை வெளியே பேசவும் ரகசிய ஒப்பந்தம் விடாது. அரசின் கணக்கிலோ அவர் இல்லாவிட்டால் எந்திரம் வெறும் இரும்பு. ஆலை வந்தால் தொழில்நுட்பமும் வந்துவிட்டது என்று எந்த நாடு பேசினாலும் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: மெஷின் நின்னுபோன ராத்திரியில யாரைக் கூப்பிடுவீங்க? அவரைப் போகச் சொல்லும் உரிமை யாரிடம் இருக்கு?