தினமும் ஆபீஸ் போக எந்த கார்?

கிழக்குத் தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூருக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். காலை எட்டரைக்குக் கிளம்பினால் ஒரு மணி நேரம் ஆகும். மழை பெய்தால் எந்தக் கணக்கும் செல்லாது. இந்தச் சாலையில் தினமும் ஓட்ட ஒரு கார் வேண்டும். செலவு கையைக் கடிக்கக் கூடாது, நடுவழியில் படுத்துவிடக் கூடாது, ஓட்டுகிறவருக்குக் கொஞ்சம் சந்தோஷமும் தர வேண்டும். மூன்றும் ஒரே வண்டியில் கிடைக்கும். ஆனால் அதற்கு, ஷோரூமில் முதலில் எடுத்து நீட்டுகிற மைலேஜ், குதிரைத்திறன், சன்ரூஃப் மூன்றையும் சற்று நேரம் ஓரமாக வைக்க வேண்டும்.

மைலேஜை முதலில் பார்த்துவிடுவோம். இப்போதைய ஸ்விஃப்ட் மேனுவலுக்கு லிட்டருக்கு 24.80 கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறார்கள். அது பொய் இல்லை. ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல் சக்கரத்தைச் சுழலவிட்டு, ஏசியை அணைத்து, வேகம் 90-ஐத் தாண்டாமல் இருபது நிமிடம் போல நடக்கும் சோதனையில் வந்த எண் அது. அங்கே முன்னால் தண்ணீர் லாரி நிற்பதில்லை, மே மாத வெயிலும் அடிப்பதில்லை. நம் சாலையில் ஏசியைப் போட்டுக்கொண்டு சும்மா நின்றாலே சின்ன பெட்ரோல் இன்ஜின் மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை குடித்துவிடும். போதாததற்கு இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு என்பதால் மைலேஜிலும் அது கொஞ்சம் தெரியும். எனவே நெரிசலில் ஓடப்போகிற எந்தச் சிறிய பெட்ரோல் காருக்கும் 14 என்று வைத்துக் கணக்குப் போடுவது நல்லது. அதற்கு மேல் கிடைத்தால் லாபம்.

போக 20, வர 20, மாதம் 25 நாள் என்றால் 1000 கிலோமீட்டர். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வையுங்கள். 15 கொடுக்கும் காருக்கு மாதம் 6,670 ரூபாய், 18 கொடுக்கும் காருக்கு 5,560. வித்தியாசம் 1,100 சொச்சம்தான். இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. 10 கொடுக்கும் வண்டியிலிருந்து 15 கொடுக்கும் வண்டிக்கு மாறினால் 1000 கிலோமீட்டருக்கு 33 லிட்டர் மிச்சமாகும். 20-லிருந்து 25-க்கு மாறினால் 10 லிட்டர்தான் மிச்சம். மைலேஜ் ஏற ஏற, கூடுதலாக வரும் ஒவ்வொரு கிலோமீட்டரின் மதிப்பும் குறைகிறது. 22-க்கும் 24-க்கும் நடக்கும் வாக்குவாதத்தில் பணம் எதுவும் இல்லை.

பணம் போகிற இடம் வேறு. பத்து லட்சத்துக்கு வாங்கிய கார் ஐந்து வருடத்தில் ஐந்து லட்சத்துக்கு விலைபோகிறது என்று வைத்துக்கொண்டால், மாதம் 8,300 ரூபாய் கரைந்திருக்கிறது. அது பெட்ரோல் செலவைவிட அதிகம். ஆனால் யாரும் பில் போட்டு நீட்டுவதில்லை என்பதால் கண்ணில் படுவதில்லை. ஆகச் சிக்கனமான கார் என்பது விலை குறைவாக இருந்து, ஐந்து வருடம் கழித்தும் வாங்க ஆள் இருக்கிற கார்.

விலை விஷயத்தில் தமிழ்நாட்டில் ஒரு படிக்கட்டு இருக்கிறது. 2023 நவம்பரில் ஆயுள்கால சாலை வரியை மாற்றினார்கள். ஐந்து முதல் பத்து லட்சம் வரையிலான புதிய காருக்கு 13 சதவீதம். பத்தைத் தாண்டினால் இருபது லட்சம் வரை 18 சதவீதம். 9.90 லட்சம் விலையுள்ள வேரியன்ட்டுக்கு வரி 1,28,700 ரூபாய். 10.10 லட்சத்துக்கு 1,81,800. கார் விலையில் 20,000 கூடினால் வரியில் 53,000 கூடுகிறது! விற்பனையாளர் "இன்னும் கொஞ்சம் போட்டால் டாப் மாடலே வந்துவிடும் சார்" என்று சொல்லும்போது, அந்தக் கொஞ்சம் எந்தப் பக்கத்துக் கொஞ்சம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பரிலிருந்து நான்கு மீட்டருக்குள், 1200 சிசிக்குள் இருக்கும் பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், பெரிய கார்களுக்கு 40 சதவீதம் என்று ஆகிவிட்டதால், சிறிய கார் பக்கம் தராசு இன்னும் சாய்ந்திருக்கிறது.

சரி, சந்தோஷத்துக்கு வருவோம். தினசரிப் பயணத்தில் 120 குதிரைத்திறன் எங்கே வேலைக்கு ஆகும்? சிக்னலிலிருந்து அடுத்த சிக்னல் வரை மணிக்கு 40 போனால் பெரிய விஷயம். இந்த வேகத்தில் ஒரு காரை ஓட்ட ஆசையாக இருக்கிறதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பவை எடை, கிளட்ச், ஸ்டீயரிங், குறைந்த சுழற்சியில் இன்ஜினின் இழுவை. ஸ்விஃப்ட் மேனுவலின் எடை சுமார் 920 கிலோ, நீளம் 3.86 மீட்டர். இரண்டு பஸ்ஸுக்கு நடுவே கிடைக்கிற இடத்தில் சட்டென்று நுழையும். அதே இடத்தில் பெரிய எஸ்யூவி வைத்திருப்பவர் ஹாரனை அழுத்திக்கொண்டு காத்திருப்பார்.

இழுவையைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. வேகத்தடையில் இரண்டாவது கியரிலேயே ஏறி இறங்குங்கள். வண்டி மணிக்கு 15 கிலோமீட்டருக்கு வந்திருக்கும். அங்கிருந்து கியரைக் குறைக்காமல் ஆக்சிலரேட்டரை மெல்ல மிதியுங்கள். திணறாமல், தட்டாமல் வேகம் எடுத்தால் அந்த இன்ஜின் ஊருக்குள் ஓட்ட ஏற்றது. முதல் கியரைக் கேட்டு அடம்பிடித்தால், ஒரு நாளைக்கு எத்தனை வேகத்தடை என்று எண்ணிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். சில சிறிய டர்போ கார்கள் நெடுஞ்சாலையில் பறந்துவிட்டு இந்த இடத்தில் தூங்குவதுண்டு. டர்போ சுழன்று காற்றழுத்தம் சேரும் வரை அவையும் வெறும் ஒரு லிட்டர் இன்ஜின்தானே.

அடுத்தது கியர்பாக்ஸ். இங்கேதான் நிறைய பேர் பெயரைப் பார்த்துக் குழம்புகிறார்கள். 'ஆட்டோமேட்டிக்' என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு வகை ஒளிந்திருக்கிறது.

2014-இல் செலேரியோவில் இந்தியாவுக்கு அறிமுகமான ஏஎம்டி, உண்மையில் மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச்சை அழுத்துவதையும் கியர் மாற்றுவதையும் நமக்குப் பதில் ஒரு கருவி செய்கிறது. விலை குறைவு, மைலேஜ் குறையாது. ஆனால் ஒவ்வொரு கியர் மாறும்போதும் தலை லேசாக முன்னால் போய் வரும். மேம்பாலத்தில் ஏறும்போது டிராபிக் நின்றால், பிரேக்கை விட்டுவிட்டு ஆக்சிலரேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறவர்கள் உண்டு. ஏஎம்டியில் அப்படிச் செய்தால் உள்ளே கிளட்ச் தேய்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

சிவிடியில் கியரே கிடையாது. இரண்டு கப்பிகளும் நடுவே ஒரு உலோகப் பட்டையும்தான். நெரிசலில் இதைப் போல் வழுக்கிக்கொண்டு போவது வேறில்லை. அழுத்தி மிதித்தால் சத்தம் முதலில் வரும், வேகம் அப்புறம் வரும். ஓட்டுவதில் ருசி பார்ப்பவர்கள் இதைத் திட்டுவார்கள். ஆனால் மாலை ஏழு மணிக்கு ஊர்ந்துகொண்டே வீடு திரும்புகிறவர் திட்டமாட்டார். ஹோண்டா அமேஸ், ஹூண்டாய் ஐ20 இரண்டிலும் 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் இன்ஜினோடு இது கிடைக்கிறது.

இரட்டைக் கிளட்ச் கொண்ட டிசிடி இந்த நான்கில் வேகமானது. ஓட்டுவதிலும் இதற்குத்தான் குஷி அதிகம். ஐ20 என் லைனில் 120 குதிரைத்திறனோடு வருவது இதுதான். ஆனால் சிறிய கார்களில் வரும் உலர் கிளட்ச் வகைக்கு இஞ்ச் இஞ்ச்சாக நகர்வது பிடிக்காது. சூடேறும். நான்காவது, பழைய டார்க் கன்வெர்ட்டர். எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்துவதால், நின்று கிளம்பும்போது உராய்ந்து தேயும் கிளட்ச் இல்லை. கொஞ்சம் பெட்ரோல் கூடக் குடித்தாலும் வருடக்கணக்கில் அலுக்காமல் உழைக்கும். ஃபோக்ஸ்வேகன் விர்ட்டஸின் 1.0 டர்போவில் இருப்பது இந்த வகை. என் கட்சி என்னவென்றால், சாலை ஓரளவு நகர்கிறது என்றால் மேனுவல், ஊர்கிறது என்றால் சிவிடி. ஏஎம்டி, பட்ஜெட் அதற்கு மேல் இடம்கொடுக்காவிட்டால் மட்டும்.

நம்பகத்துக்கு ஒரு விதி போதும்: பழுதாக வாய்ப்புள்ள பாகம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. டர்போ இல்லாத, நேரடி எரிபொருள் பீச்சல் இல்லாத 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், நேரத்துக்கு ஆயில் மாற்றினால் லட்சம் கிலோமீட்டரைச் சத்தமில்லாமல் கடக்கும். பலேனோ, அதன் இரட்டையான டொயோட்டா கிளான்சா, கிராண்ட் ஐ10 நியாஸ், அமேஸ் எல்லாம் இந்த ரகம். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 மாசுக்கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு ஊருக்குள் மட்டும் ஓட்ட டீசல் வாங்குவது வினையை விலைக்கு வாங்குவதுதான். புகைபோக்கியில் இருக்கும் கரி வடிகட்டி தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்ய, வண்டி கொஞ்ச நேரம் சூடாக, வேகமாக ஓட வேண்டும். நெரிசலில் அது நடக்காது, எச்சரிக்கை விளக்கு எரியும்.

டயரையும் பாருங்கள். ஸ்விஃப்ட்டின் ஆரம்ப வேரியன்ட்களில் 165/80 ஆர்14, மேல் வேரியன்ட்களில் 185/65 ஆர்15. நடுவில் வரும் 80, 65 என்ற எண், டயரின் அகலத்தில் எத்தனை சதவீதம் அதன் பக்கச்சுவரின் உயரம் என்பதைச் சொல்கிறது. மெட்ரோ வேலைக்குத் தோண்டிய பள்ளத்தில் விழும்போது அந்தச் சுவர்தான் அடியை வாங்கிக்கொள்கிறது. பெரிய அலாய் வீலும் மெல்லிய டயரும் பார்க்க அழகு, ஆனால் ரிம் நெளிந்தால் செலவு நம்முடையது.

பாதுகாப்பில் மாடல்வாரியாகப் பார்க்க வேண்டும், கம்பெனி பெயரைப் பார்த்துப் பயனில்லை. 2022-இல் முந்தைய தலைமுறை ஸ்விஃப்ட்டுக்கு குளோபல் என்கேப் மோதல் சோதனையில் கிடைத்தது ஒரு நட்சத்திரம். அதே நிறுவனத்தின் புதிய டிசையர் 2024-இல் ஐந்து வாங்கியது.

சிஎன்ஜி மலிவுதான். ஆனால் டிக்கியின் பெரும்பகுதி போய்விடும், சிலிண்டரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை சோதனைக்கு அனுப்ப வேண்டும், பங்கில் வரிசையும் நிற்கும். ஹைபிரிட், நெரிசலில்தான் ஜொலிக்கும். நிற்கும்போது இன்ஜின் அணைந்துவிடுகிறது, பிரேக் பிடிக்கும் சக்தி பேட்டரிக்குத் திரும்புகிறது. ஆனால் அர்பன் குரூசர் ஹைரைடர் போன்றவற்றின் ஹைபிரிட் விலை, மாதம் 1000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்குத் திரும்பி வர ரொம்ப நாளாகும்.

மின்சாரக் கார் வேறு கதை. தனி வீடும், கார் நிற்கும் இடத்தில் 15 ஆம்பியர் பிளக்கும் இருந்தால், தினமும் ஒரே சாலையில் 40 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. 24 கிலோவாட் மணி பேட்டரி உள்ள டியாகோ ஈவிக்கு மூன்று நாளைக்கு ஒருமுறை சார்ஜ் போட்டால் போதும். மாதம் 150 யூனிட் வரை ஆகலாம். ஸ்லாப் ஏறி யூனிட் 10 ரூபாய் என்றே வைத்தாலும் 1,500. பெட்ரோலுக்குப் போகும் 7,000-ஐ ஒப்பிட்டால் மாதம் 5,500 மிச்சம். பெட்ரோல் மாடலைவிட விலை 3 லட்சம் கூடுதல் என்றால் நாலரை வருடத்தில் சமன். சிக்னல் விழுந்ததும் தாமதமே இல்லாமல் முன்னே பாயும். ஆனால் அப்பார்ட்மென்ட்டில் இருப்பவர் முதலில் அசோசியேஷனிடம் பேசி, பிளக் போட எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டுத்தான் ஷோரூமுக்குப் போக வேண்டும்.

டெஸ்ட் டிரைவை ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுக்காதீர்கள். காலியான ரோட்டில் எல்லா காரும் நல்ல கார்தான். வேலை நாளில் மாலை ஆறரைக்கு, நீங்கள் தினமும் போகிற சாலையில், ஏசியை முழுதாக வைத்து அரை மணி நேரம் ஓட்டக் கேளுங்கள். இடது கால் வலிக்கிறதா, முன்தூண் மறைத்து பைக்காரர்கள் தெரியாமல் போகிறார்களா, பின்சீட்டுக்குக் காற்று போகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். சர்வீஸ் சென்டர் வீட்டுக்கோ ஆபீசுக்கோ பக்கத்தில் இருக்கிறதா என்றும் அதே பயணத்தில் பார்த்துவிடலாம்.

கடைசியாக இன்சூரன்ஸ். டீலர் சொல்லும் தொகையை அப்படியே கட்டாமல் வெளியில் இரண்டு இடத்தில் விலை கேளுங்கள், வித்தியாசம் கணிசமாக இருக்கும். ஆனால் அந்த மிச்சத்தில் இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் கவரைச் சேர்க்க மறக்காதீர்கள். சாதாரண பாலிசியில், தண்ணீருக்குள் இன்ஜினை இயக்கியதால் வரும் சேதத்துக்கு இழப்பீடு கிடைப்பது கடினம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் கார்கள் எப்படி நின்றன என்று பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கவர் இருந்தாலும், தண்ணீர் புகுந்த வண்டியைச் சாவி போட்டுப் பார்க்கக் கூடாது. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லி, கட்டியிழுக்கும் வண்டிக்குக் காத்திருக்க வேண்டும்.