'நாட்' எங்கே உட்காரும்?

செமஸ்டர் லீவுக்குக் குன்னம் போயிருந்தேன். பக்கத்து வீட்டில் ஐந்தாம் வகுப்புப் படிக்கிற பையன் இங்கிலீஷ் நோட்டைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்கு வந்தான். பாசிட்டிவ் வாக்கியங்களை நெகட்டிவா மாத்தணும், அதுதான் வீட்டுப்பாடம். முதல் வாக்கியம், 'மை ஃபாதர் கோஸ் டு தி ஃபீல்டு'. அதுக்குக் கீழே அவன் எழுதியிருந்தது, 'மை ஃபாதர் கோஸ் டு தி ஃபீல்டு நாட்'.

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. ஆனா அவன், "அப்பா காட்டுக்குப் போகலைன்னு சொன்னா 'லை' கடைசியிலதானேண்ணா வருது?" என்று கேட்டான் பாருங்க, சிரிப்பு அப்படியே நின்னு போச்சு. அவன் இலக்கணம் தெரியாம எழுதலை. தமிழ் இலக்கணத்தை ஒழுங்காகத் தெரிந்துகொண்டு எழுதியிருக்கிறான்.

யோசிச்சுப் பாருங்க. தமிழில் 'போகவில்லை' என்று ஒரு சொல் இருந்தால் போதும். நான் போகவில்லை, அவள் போகவில்லை, அவர்கள் போகவில்லை. யாராக இருந்தாலும் 'இல்லை' மாறாது, வாக்கியத்தின் கடைசியில்தான் உட்காரும். இப்படிப் பழகின பிள்ளையிடம், "டூ, டஸ், டிட்ல ஒண்ணைப் போட்டு, அப்புறம் நாட் போடு, வினைச்சொல்லை மாத்து" என்று மட்டும் சொன்னால் மனப்பாடம் பண்ணும். பரீட்சை முடிஞ்சதும் மறந்துடும்.

இதில் ஒரு ஆறுதலும் இருக்கு. இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளும் இதே வழியாகத்தான் வருகிறார்கள். ஹார்வர்டில் ரோஜர் பிரவுன் குழுவினர் மூன்று குழந்தைகளின் பேச்சைப் பதிவு செய்தார்கள். அதை வைத்து எட்வர்டு கிளிமா, உர்சுலா பெலூகி என்ற இருவர் 1966-ல் எழுதினார்கள். குழந்தை முதலில் 'நோ'வை வாக்கியத்துக்கு வெளியே, முன்னாலோ பின்னாலோ ஒட்டுகிறது. அப்புறம்தான் உள்ளே கொண்டுவருகிறது. 'டூ' சரியாக வந்து சேருவது அதற்கும் பிறகு. அவ்வளவு ஏன், ஷேக்ஸ்பியர் காலத்தில் 'டூ' இல்லாமல் 'ஐ நோ நாட்' என்று சொல்வதும் சாதாரணம்தான். நம்ம பையன் ஒரு நானூறு வருஷம் லேட்டு, அவ்வளவுதான்.

சரி, எப்படிப் புரிய வைப்பது? நான் முதலில் 'டூ' பக்கமே போகலை. 'ஹி இஸ் டால்', 'ஐ கேன் ஸ்விம்' மாதிரி வாக்கியங்களில் ஆரம்பித்தேன். 'இஸ்', 'கேன்' ஏற்கெனவே அங்கே இருக்கு. 'நாட்' அதுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஹி இஸ் நாட் டால். ஐ கேன் நாட் ஸ்விம். அரை மணி நேரத்தில் பிடித்துக்கொண்டான்.

அடுத்து 'ஹி கம்ஸ்'. இங்கே துணைக்கு யாரும் இல்லை, 'நாட்' யார் பக்கத்தில் உட்காரும்? அதுக்காகத்தான் 'டூ' வருது. இதை டவுன் பஸ்ஸை வைத்துச் சொன்னேன். பெரம்பலூர் போற பஸ்ஸில் நின்னுட்டு வர்ற பிள்ளை, உட்கார்ந்திருக்கிற அக்கா மடியில் பையைக் கொடுத்துடும் இல்லையா? 'கம்ஸ்' கையில் 'எஸ்' என்று ஒரு பை இருக்கு. 'டூ' வந்து உட்கார்ந்ததும் பையை அது வாங்கிக்கிட்டு 'டஸ்' ஆகிடும். 'கம்' வெறுங்கையோடு நிக்கும். ஹி டஸ் நாட் கம். 'வென்ட்' வைத்திருக்கிறது இறந்தகாலப் பை. அதையும் 'டூ' வாங்கிக்கிட்டு 'டிட்' ஆகும், 'வென்ட்' பழையபடி 'கோ' ஆகும். ஹி டிட் நாட் கோ. 'டிட் நாட் வென்ட்' என்று எழுதினால் ஒரே பை ரெண்டு பேர் கையில இருக்குன்னு அர்த்தம்.

தெருப்பிள்ளைகள் நாலு பேரை நிறுத்தி, நிஜப் புத்தகப்பையை வைத்தே இதை விளையாடினோம். 'டஸ்' ஆக யார் உட்காருவது என்பதில் ஒரு சண்டையே நடந்தது.

பிள்ளைகளைவிட நாம் சறுக்குகிற இடம் ஒன்று இருக்கு. தமிழில் மறுப்புக்கு இல்லை, மாட்டேன், முடியாது, கூடாது, வேண்டாம், அல்ல என்று எத்தனை சொற்கள்! இங்கிலீஷில் 'நாட்' ஒன்றுதான், வித்தியாசத்தையெல்லாம் அதற்கு முன்னால் நிற்கிற சொல்தான் காட்டணும். 'அவன் கறி சாப்பிட மாட்டான்' என்பதை நம்மில் பலர் 'ஹி வில் நாட் ஈட் மீட்' என்று சொல்கிறோம். 'மாட்டான்' என்றாலே 'வில் நாட்' என்று மனசில் பதிஞ்சிருக்கு. ஆனால் அங்கே சொல்ல வருவது அவனுடைய பழக்கம். அதனால் 'ஹி டஸ் நாட் ஈட் மீட்'. வாக்கியத்தை மாற்றுவதற்கு முன்னாடி, தமிழிலேயே "இது பழக்கமா, நேத்து நடந்ததா, இனி நடக்கப் போறதா?" என்று கேட்டுக்கொள்ளப் பிள்ளைகளைப் பழக்கினால் பாதி வேலை முடிந்தது.

2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது, கொரோனாவில் விட்டுப்போன பாடத்தைச் சொல்லிக்கொடுக்க ஊர் ஊராகத் தன்னார்வலர்கள் வந்தார்கள். தொடக்க வகுப்புகளுக்குப் பிளஸ் டூ முடித்திருந்தாலே போதும் என்றிருந்தது. அந்தத் தகுதி நம்ம எல்லாரிடமும் இருக்கு. லீவில் ஒரு சாயங்காலம் ஒதுக்கினால் போதும்.

கடைசியாக ஒன்று, இது நமக்கும் சேர்த்து. "நீ சாப்பிடலையா?" என்று கேட்டால் தமிழில் "ஆமா, சாப்பிடலை" என்போம். கேட்டவர் சொன்னதை ஆமோதிக்கிறோம். இங்கிலீஷில் அப்படி இல்லை. நடக்கலைன்னா 'நோ', நடந்தா 'எஸ்'. ஒரு வைவாவில் என் நண்பனிடம், "டிட்ன்ட் யூ டூ திஸ் எக்ஸ்பெரிமென்ட்?" என்று கேட்டார்கள். செய்யாதவன் பணிவாக "எஸ் சார்" என்றான். அவர் சந்தோஷமாக அடுத்த பத்து நிமிஷம் அந்த எக்ஸ்பெரிமென்டைப் பற்றியே கேட்டார்.

லீவு முடிவதற்குள் இதை மட்டும் அந்தப் பையனுக்கு முழுசாச் சொல்லிக்கொடுக்க முடியலை. "டோன்ட் யூ லைக் ஸ்கூல்?" என்று கேட்டால் இன்னும் "எஸ்" என்றுதான் சொல்கிறான். எதுக்கு எஸ் என்பதை நான் தமிழில் கேட்டுத் தெரிஞ்சுக்கிறேன்.