பட்டறிந்தோர் துணையும் சட்டமும்

மனநோயுற்று மீண்ட ஒருவர், அந்நோயால் வாடும் மற்றொருவருக்குத் துணையிருப்பதை ஆங்கிலத்தில் 'பியர் சப்போர்ட்' என்பர். 'ஒத்தோர் துணை' எனலாம். ஆயின் இங்கு ஒப்புமை வயதாலும் கல்வியாலும் அமைவதன்று. பட்ட துன்பத்தால் அமைவது. ஆதலின் 'பட்டறிந்தோர் துணை' என்பதே பொருந்துமென எமக்குத் தோன்றுகிறது.

வழக்கம் பழையது. 1790களில் பாரிஸ் நகரத்துப் பிசேத்ர் மருத்துவமனையில் மனநோயாளர் பகுதியை மேற்பார்த்த புசேன் என்பார், குணமடைந்தவர்களையே இயன்றவரை பணியில் அமர்த்தினார். அவர்களிடம் பரிவும் நேர்மையும் மிகுதி என்பது அவர் கண்ட உண்மை. அவரே முன்பு கண்டமாலை நோய்க்காக அங்கு வந்து சேர்ந்தவர்தாம்!

பழைய வழக்கத்திற்கு இன்று சட்டம் எதற்கு? ஊதியத்திற்காக. அமெரிக்காவில் வறியோரின் மருத்துவச் செலவை ஏற்கும் அரசுத் திட்டம் மெடிக்கெய்டு. அதன் பணம் இத்துணைவர்க்குக் கிடைக்க 1999-இல் ஜார்ஜியா மாநிலம் முதன்முதலாக வழி திறந்தது. 2007-இல் நடுவணரசு இதனைப் பயன் தரும் முறையென ஏற்று, பயிற்சி, தகுதிச் சான்று, மேற்பார்வை ஆகியவை வேண்டுமென மாநிலங்களுக்கு எழுதிற்று.

கலிபோர்னியா பின்தங்கி நின்றது. செனட்டர் ஜிம் பீல் கொணர்ந்த மசோதாவை 2018-இல் ஆளுநர் பிரவுன் மறுத்தார். செலவு மிகும் என்றதோடு, சான்று முறை வந்தால் இப்போது பணிபுரிவோருள் சிலர் வெளியே நிறுத்தப்படுவர் என்றும் அவர் காரணங்காட்டினார். அடுத்து வந்த ஆளுநர் நியூசமும் 2019-இல் மறுத்தார். பின்னர் 2020 செப்டம்பரில் அவரே கையொப்பமிட்டார்.

அச்சட்டப்படி துணைவர் 18 வயது நிரம்பியவராதல் வேண்டும். நோயிலிருந்து மீளும் வழியைத் தாமோ, பெற்றோராக, உறவினராக இருந்தோ அறிந்திருத்தல் வேண்டும். அதைப் பிறரிடம் கூற மனமிருத்தல் வேண்டும். பயிற்சி, தேர்வு, ஒழுக்க நெறிக்கு எழுத்துமூல உடன்பாடு ஆகியவையும் உண்டு. பயிற்சி 80 மணி நேரம். இவை யாவும் தக்கனவே.

உயர்நிலைப் பள்ளித் தேர்ச்சியோ அதற்கு இணையான தகுதியோ வேண்டுமென்பதுதான் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. கொடிய மனநோய்கள் பல இளமையிலேயே தலைகாட்டுபவை. நடுவில் பள்ளியை விட்டகன்ற மாணவனை ஆசிரியர்கள் அறிவர். எந்த நோய் அவனுக்குப் பட்டறிவைத் தந்ததோ, அதுவே அவன் தேர்ச்சியையும் பறித்திருக்கும். இணைத் தகுதி ஏற்கப்படுவது ஓரளவு ஆறுதல். பிரவுன் எழுப்பிய ஐயத்தை முற்றும் தள்ளுவதற்கில்லை. எனினும் சான்றின்றேல் ஊதியத்திற்கு உறுதியில்லை. இரண்டினுள் சட்டமே மேலென்போம்.

ஒன்று கூற வேண்டும்: 2022 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த இத்துணையை ஏற்பதும் ஏலாததும் அந்தந்த மாவட்டத்தின் விருப்பத்திற்கே விடப்பட்டது.