நாய்க்கு முன்னே, நல்லவர்க்குப் பின்னே

ஊர் சுற்றப் போனால் கடைசி நாளில்தான் மனம் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி வீட்டை நினைக்கும்; மறு பாதி, இன்னும் ஒரு நாள் இருந்தால் என்ன என்று ஏங்கும். மெல்பர்னிலிருந்து சிட்னிக்கு வாடகைக் காரில் புறப்பட்ட எங்களுக்கும் நான்காம் நாள் காலையில் அப்படித்தான் இருந்தது. சிட்னிக்கு இன்னும் ஏறக்குறைய 390 கிலோமீட்டர்தான் பாக்கி. வாருங்கள் வாசகர்களே, உங்களையும் பின் இருக்கையில் ஏற்றிக்கொண்டு போகிறேன். மறக்காமல் ஒரு கம்பளிச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் போவது ஜூன் மாதம். அங்கே அது குளிர்காலம்.

நாங்கள் இரவு தங்கிய ஊரின் பெயர் கண்டகாய். ஏதோ கறிகாய் என்று நினைத்துவிடாதீர்கள்! மரம்பிட்ஜி ஆற்றங்கரையில் இருக்கும் சிற்றூர் அது. பொழுது விடியவே ஏழு மணியாகிவிட்டது. கார்க் கண்ணாடியில் சுண்ணாம்பு பூசினாற்போல் உறைபனி படிந்திருந்தது. "சுடுநீர் ஊற்றிவிடாதீர்கள், கண்ணாடி வெடித்துவிடும்" என்று விடுதிக்கார அம்மா எச்சரித்தார். பிறகு அவரே ஒரு பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டிக் கொடுத்தார். ரொட்டியும் தேநீருமாகப் பசியாறிவிட்டு, ஊரின் பெரிய வீதியில் ஒரு நடை போனோம்.

அங்கே ஒரு வெண்கலச் சிலை. ஆதிகுடி மக்கள் இருவர், பக்கத்தில் மரப்பட்டையால் ஆன ஓடம். யார் இவர்கள்?

அந்தப் பகுதி விராஜுரி என்னும் ஆதிகுடி மக்களின் பூமி. 1838ல் வெள்ளையர்கள் ஆற்றை ஒட்டிய தாழ்ந்த சமவெளியில் ஊருக்கு இடம் குறித்தார்கள். "இங்கே ஆறு பெருகி வரும், மேட்டுக்குப் போங்கள்" என்று ஆதிகுடியினர் எச்சரித்ததாக ஊர் வரலாறு சொல்கிறது. கேட்பார் இல்லை. காட்டில் திரிகிறவன் நமக்கென்ன சொல்வது என்ற நினைப்பு!

1852 ஜூன் 24ஆம் தேதி இரவு ஆறு கரை புரண்டது. ஊரில் இருந்தவர்கள் சுமார் 250 பேர். பரண்மேல் ஏறினார்கள், கூரைமேல் ஏறினார்கள், மரக்கிளைகளைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். வீடுகள் ஒவ்வொன்றாகப் பெயர்ந்து போயின. குறைந்தது 78 பேர் மாண்டார்கள்.

அந்த இருட்டிலும் குளிரிலும் தங்கள் ஓடத்தைத் தண்ணீரில் இறக்கியவர்கள் யார் தெரியுமா? எச்சரித்தும் மதிக்கப்படாத அதே மக்கள்தான். யாரி என்பவர் ஒரு பட்டை ஓடத்தில் போனார். அதில் ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் ஏற்ற முடியும். ஒருவரைக் கரை சேர்ப்பார், திரும்பப் போவார். மறுபடியும் ஒருவர், மறுபடியும் வெள்ளம். ஜாக்கி ஜாக்கி என்பவர் சற்றுப் பெரிய படகில் போனார். வேறு சில ஆதிகுடியினரும் கைகொடுத்தார்கள். இப்படிக் காப்பாற்றப்பட்டவர்கள் ஏறக்குறைய 70 பேர்.

அந்த ஓடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மரத்தின் பட்டையை ஒரே துண்டாக, கிழியாமல் உரித்து எடுத்துச் செய்வது அது. பட்டையின் அருமை பால்மரம் வெட்டுகிற நமக்குத் தெரியாதா? ஆழம் தவறினால் மரத்துக்குக் காயம், கங்காணியிடம் நமக்கு ஏச்சு! அந்த மக்களும் மரம் சாகாதபடி பட்டை எடுக்கத் தெரிந்தவர்கள். அப்படிப் பட்டை எடுத்த மரங்கள் தழும்போடு இன்றும் அந்த நாட்டில் ஆங்காங்கே நிற்கின்றன.

வெள்ளம் வடிந்த பின் ஊரை மேட்டுக்கு மாற்றிக் கட்டினார்கள். யாரிக்கு மார்பில் அணிந்துகொள்ள ஓர் உலோகத் தகடு கொடுத்தார்கள். அவர் 1880ல் காலமானார். ஊரில் சிறு சிறு நினைவுச் சின்னங்கள் பிறகு வந்தன. ஆனால் நாங்கள் பார்த்தோமே, அந்த வெண்கலச் சிலை, அது திறக்கப்பட்டது 2017ல்தான். வெள்ளம் வந்து 165 ஆண்டுகள் கழித்து!

மணி ஒன்பதுக்குக் காரை எடுத்தோம். அங்கேயும் நம் நாட்டைப் போல இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பதால் என் மகனுக்குச் சிரமமில்லை. எட்டு கிலோமீட்டர் போனதும் சாலையோரத்தில் இன்னொரு சிலை. சாப்பாட்டுப் பெட்டிமேல் உட்கார்ந்திருக்கும் ஒரு நாய்! அந்தக் காலத்து மாட்டுவண்டிக்காரர்களின் பழங்கதையில் வரும் நாய் அது. நாடெங்கும் புகழ் பெற்றது. 1932ல் பிரதமர் ஜோசப் லயன்ஸ் நேரில் வந்து அதைத் திறந்து வைத்தார்.

நாங்களும் மற்றவர்களைப் போல நாயோடு படம் எடுத்துக்கொண்டோம். காரில் ஏறிய பிறகு மகன் கணக்குப் போட்டான்: "அம்மா, நாய்க்கு 1932, அந்த மனுஷங்களுக்கு 2017. எண்பத்தைந்து வருஷம் நாய் முந்திக்கிட்டது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாங்கள் போன பெருஞ்சாலைக்குக் கூட ஹியூம் என்று பெயர். 1824ல் ஹோவெல் என்பவருடன் சேர்ந்து தெற்கே வழி கண்டு போனவர் அவர். வழி கண்டவருக்குப் பெயர் கிடைத்தது. ஆனால் அவருக்கு முன்பே அந்த வழியெல்லாம் நடந்தவர்கள் எத்தனை தலைமுறை!

இருபுறமும் மேடும் பள்ளமுமாகப் புல்வெளி. வெள்ளைப் புள்ளிகளாக ஆடுகள். நடுப்பகலுக்கு மேல் கோல்பர்ன் நகரம் வந்தது. அங்கே 15 மீட்டர் உயரத்தில் சிமெண்டால் ஆன செம்மறி ஆடு நிற்கிறது. 1985ல் கட்டியது. 2007ல் சாலைக்குப் பக்கமாக அப்படியே நகர்த்தி வைத்தார்களாம். கம்பளியால் வாழ்ந்த நாடு, ஆட்டுக்கு மரியாதை செய்கிறது, தவறில்லை. ஆனால் அந்தக் கம்பளியைக் கத்தரித்த ஆளை நினைத்துப் பாருங்கள். இரண்டு மணி நேரம் குனிந்த முதுகு, பிறகு சிறிது ஓய்வு, மறுபடி இரண்டு மணி நேரம். ஒரு நாளைக்கு நான்கு முறை இப்படி. கூலி, கத்தரித்த ஆட்டின் கணக்குப்படி. பால் எடைக்குக் கூலி வாங்கிய நம் தாய்மார்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. சிட்னியின் விளக்குகள் தெரிந்தன. கார்ச் சாவியை ஒப்படைத்துவிட்டுத் திரும்பும்போதும் அந்தப் பட்டை ஓடம்தான் கண்ணில் நின்றது.

நான் பிறந்த தோட்டத்திலும் நுழைவாயில் பலகையில் ஓர் ஆங்கிலப் பெயர்தான் இருந்தது. காட்டை வெட்டிக் கன்று நட்டவர்கள் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. எந்த ஓடை எந்த மழைக்குப் பொங்கும் என்று லயத்து வாசலில் உட்கார்ந்தே சொல்லக்கூடிய பெரியவர்கள் இருந்தார்கள். அவர்களுள் பலர் இன்று இல்லை. இன்று அந்த இடத்தில் வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது.

ஆகவே வாசகர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். சிலை வைக்க நம்மால் முடியாது; 165 ஆண்டுகள் காத்திருக்கவும் முடியாது. ஆனால் ஒரு பள்ளி நோட்டுப்புத்தகம் எல்லார் வீட்டிலும் உண்டு. இந்த ஞாயிற்றுக்கிழமை தாத்தாவையோ பாட்டியையோ பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, யார் யார் சேர்ந்து உழைத்தார்கள், வெள்ளத்திலும் நோயிலும் யார் யாரைக் காப்பாற்றினார்கள்? பிள்ளைகளை விட்டு எழுதச் சொல்லுங்கள். பெயர்களை முழுமையாக எழுதச் சொல்லுங்கள்.

அந்த நோட்டுப்புத்தகமே அவர்களுக்கு நாம் வைக்கும் சிலை.