எளிதாகத் தொடங்குவதா, எளிதாக வெளியேறுவதா?

மொபைல் செயலிக்கு கிளவுட் பின்தளம் தேடுபவர்கள், எதில் சீக்கிரம் தொடங்கலாம் என்றே பார்க்கிறார்கள். எதிலிருந்து சேதமில்லாமல் வெளியேறலாம் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பார்ஸ் என்ற பின்தளச் சேவையை ஃபேஸ்புக் 2013-இல் வாங்கியது. 2016 ஜனவரியில் மூடப்போவதாக அறிவித்து, ஓராண்டு அவகாசத்துக்குப் பின் மூடியது. அதை நம்பியிருந்த செயலிகளுக்குக் கைகொடுத்தது, திறமூலமாக வெளியிடப்பட்ட அதன் சர்வர் நிரல். பெரிய நிறுவனம் நடத்துகிறது என்ற தைரியம் மட்டும் போதாது.

அடுத்தது கட்டணம். ஃபயர்ஸ்டோர் என்ற கிளவுட் தரவுத்தளம், படிக்கப்படும் ஒவ்வொரு ஆவணத்தையும் கணக்கிடுகிறது. இலவச வரம்பு நாளுக்கு 50,000 வாசிப்புகள். உரையாடல் பட்டியல் காட்டும் திரை 50 ஆவணங்களை இழுப்பதாக வைத்துக்கொள்வோம். ஆயிரம் பேர் ஆளுக்கொரு முறை திறந்தாலே அன்றைய இலவசம் தீர்ந்துவிடும். கைபேசியிலேயே சேமித்த நகல் இதைக் குறைக்கும், உண்மைதான். ஆனால் திரையை அதற்கேற்ப முதலிலேயே வடிவமைத்திருக்க வேண்டும்.

இருபது பேர் பயன்படுத்தும் செயலிக்கு இவ்வளவு யோசனை எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உள்நுழைவையும் அறிவிப்புகளையும் சொந்தமாக எழுதினால் வாரக்கணக்கில் ஆகும். ஆயத்தச் சேவையை எடுப்பதே சரி. ஆனால் தரவு எந்த வடிவில் கிடக்கிறது என்பது அப்போதும் முக்கியம். சுபாபேஸ் என்ற பின்தளச் சேவைக்குள் இருப்பது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். அட்டவணைகளை அப்படியே வேறொரு போஸ்ட்கிரெஸ் சர்வருக்குக் கொண்டுபோகலாம். ஃபயர்ஸ்டோரை விட்டு வெளியேறினால் வினவல்களையும் பாதுகாப்பு விதிகளையும் புதிதாக எழுத வேண்டியிருக்கும். சேவையை அழைக்கும் நிரலை ஒரே அடுக்கில் ஒதுக்கி வைத்தால், அந்த வேலை திரைக்குத் திரை பரவாது.