திரையில் பார்ப்பது நம்மை மாற்றுகிறதா? கண்டுபிடிப்பது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களின் வீடுகளுக்கு உதவிக்குச் செல்லும்போது, பிரிண்டர், பாஸ்வேர்டு சந்தேகங்களுக்கு அடுத்தபடியாக என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "சார், இதை வாங்கியதிலிருந்து பையன் எரிந்து எரிந்து விழுகிறான். அந்தச் சண்டை கேம்தானே காரணம்?" எங்கள் தெருவில் ஒருவர் இதைக் கேட்டதோடு நிற்காமல், கேமை அழித்துவிடச் சொல்லி மவுஸை என் கையில் கொடுத்துவிட்டார். எட்டாம் வகுப்புப் படிக்கும் அவர் மகன் கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் உடனே அழிக்கவில்லை. "கேம்தான் காரணம் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "இவன் அதை விளையாடுகிறான், கோபமாக இருக்கிறான், வேறென்ன வேண்டும்?" என்றார்.

வேண்டியது நிறைய இருக்கிறது. கேம் கோபத்தைத் தந்திருக்கலாம். ஏற்கெனவே கோபத்தில் இருப்பவன் சண்டை கேமைத் தேடிச் சென்றிருக்கலாம். தூக்கமின்மை, பரீட்சை என்று மூன்றாவது ஒன்று இரண்டுக்கும் காரணமாக இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆராய்ச்சியாளர்கள் இதை எப்படிப் பிரித்தறிகிறார்கள் என்று பார்ப்போம்.

சீட்டுக் குலுக்கல்தான் அடிப்படை

ஆட்களை இரண்டு குழுக்களாகப் பிரிக்க வேண்டும். ஒரு குழுவுக்கு ஒன்றைக் காட்ட வேண்டும்; மற்றதற்குக் காட்டக் கூடாது. யார் எந்தக் குழு என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது போல முடிவு செய்திட வேண்டும். அப்போதுதான் கோபக்காரர்கள், தூக்கம் கெட்டவர்கள், பரீட்சை பயம் உள்ளவர்கள் எல்லோரும் இரு பக்கமும் ஏறக்குறைய சமமாகக் கலந்திருப்பார்கள். அதன் பிறகு இரு குழுக்களுக்கும் இடையே தெளிவான வித்தியாசம் தெரிந்தால், அதற்குக் காரணம் காட்டப்பட்டதுதான் என்று சொல்லலாம்.

முன்பெல்லாம் இதற்குச் சில நூறு பேரைத் திரட்டுவதே பெரும்பாடு. இன்டர்நெட் வந்த பிறகு கதையே மாறிவிட்டது.

6 கோடி பேருக்கு ஒரு செய்தி

2010 நவம்பர் 2 அன்று அமெரிக்காவில் நாடாளுமன்றத் தேர்தல். அன்று பேஸ்புக் தளத்தைத் திறந்த 18 வயதுக்கு மேற்பட்ட அந்நாட்டினர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். சுமார் 6 லட்சம் பேருக்கு "இன்று வாக்களியுங்கள்" என்ற செய்தி மட்டும் காட்டப்பட்டது. இன்னொரு 6 லட்சம் பேருக்கு எதுவும் காட்டப்படவில்லை. மீதமிருந்த 6 கோடிப் பேருக்கு அதே செய்தியுடன், "வாக்களித்துவிட்டேன்" என்று ஏற்கெனவே கிளிக் செய்திருந்த நண்பர்களின் சிறு படங்களும் காட்டப்பட்டன.

யார் பட்டனைக் கிளிக் செய்தார்கள் என்று மட்டும் பார்த்திருந்தால் முடிவு தவறாகப் போயிருக்கும். கிளிக் செய்வது வேறு. சாவடிக்குப் போவது வேறு. அமெரிக்காவில் ஒருவர் யாருக்கு வாக்களித்தார் என்பது ரகசியம். ஆனால் வாக்களித்தாரா என்பது அரசுப் பதிவேட்டில் இருக்கும். 13 மாநிலங்களின் பதிவேடுகளுடன் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

வெறும் செய்தியைப் பார்த்தவர்களுக்கும் எதையும் பார்க்காதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. நண்பர்களின் முகங்களைப் பார்த்தவர்கள் மட்டும் சற்று அதிகமாக வாக்களித்திருந்தனர். எவ்வளவு? அரை சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. ஆனால், நேரடியாகவும் நண்பர்கள் வழியாகவும் சேர்த்து இதனால் கூடுதலாகப் பதிவான வாக்குகள் சுமார் 3,40,000 என்று 2012ல் நேச்சர் இதழில் வெளியான கட்டுரை கணக்கிட்டது.

இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. ஊடகத்தின் தாக்கம் தனி ஒருவரிடம் மிகச் சிறியதாக இருக்கலாம். கோடிக்கணக்கானவர்களிடம் சேரும்போது பெரிதாகிவிடும். அடுத்தது, நம்மை அசைத்தது அறிவுரை அல்ல, தெரிந்தவர்களின் முகம்.

கேட்காமலே நடந்த சோதனை

2012 ஜனவரியில் ஒரு வாரம் இன்னொரு சோதனை நடந்தது. பேஸ்புக் பயன்படுத்துவோரில் 6,89,003 பேர் இதில் சேர்க்கப்பட்டனர். சிலருக்கு, நண்பர்கள் எழுதிய மகிழ்ச்சியான பதிவுகள் குறைத்துக் காட்டப்பட்டன. சிலருக்குச் சோகமான பதிவுகள் குறைக்கப்பட்டன. மகிழ்ச்சியான பதிவுகளைக் குறைவாகப் பார்த்தவர்கள், தாங்கள் எழுதும்போதும் மகிழ்ச்சியான சொற்களைச் சற்றுக் குறைவாகப் பயன்படுத்தினர். வித்தியாசம் ஏறக்குறைய 1000 சொற்களுக்கு ஒரு சொல்தான்.

2014ல் இது வெளியானபோது எழுந்த எதிர்ப்புக்குக் காரணம் அந்த ஒரு சொல் அல்ல. அத்தனை பேரில் எவரிடமும் தனியாக அனுமதி கேட்கவில்லை. கணக்குத் தொடங்கும்போது படிக்காமலே "ஏற்கிறேன்" என்று கிளிக் செய்கிறோமே, அதுவே அனுமதி என்று கொள்ளப்பட்டது. கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழே பிறகு இது குறித்துக் கவலை தெரிவித்துக் குறிப்பு வெளியிட்டது. உங்கள் திரையில் எது மேலே வர வேண்டும் என்பதை வேறொருவர் முடிவு செய்கிறார் என்பதைப் புதிதாகக் கணக்குத் தொடங்குபவர்கள் மறக்கக் கூடாது.

சீட்டுக் குலுக்க முடியாவிட்டால்?

ஒரு கிராமத்துக்கு டிவி கொடு, அடுத்த கிராமத்துக்குக் கொடுக்காதே என்று யாரும் உத்தரவு போட முடியாது. ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் வேறு வழி கண்டனர். 2001 முதல் 2003 வரை தமிழ்நாடு, பீகார், அரியானா, கோவா, டெல்லி ஆகிய இடங்களில் நடந்த கணக்கெடுப்பை எடுத்துக்கொண்டனர். அதிலிருந்த சுமார் 180 கிராமங்களில் 21 கிராமங்களுக்கு அந்த ஆண்டுகளில்தான் கேபிள் டிவி வந்தது. கேபிள் வருவதற்கு முன்னும் பின்னும் பெண்கள் சொன்ன பதில்களை, கேபிள் நிலையில் மாற்றமில்லாத கிராமங்களின் பதில்களுடன் ஒப்பிட்டனர்.

கேபிள் வந்த கிராமங்களில், கணவன் மனைவியை அடிப்பது சரிதான் என்ற எண்ணமும் ஆண் குழந்தையே வேண்டும் என்ற விருப்பமும் குறைந்திருந்தன. திரை என்றாலே கெடுதல் என்று நினைப்பவர்கள் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆனாலும் ஒரு கேள்வி எழும். மனம் மாறியதா, அல்லது டிவி பார்த்த பிறகு எந்தப் பதில் நாகரிகமானது என்று தெரிந்துகொண்டார்களா? சொல்வதற்கும் செய்வதற்கும் உள்ள தூரத்தை அளப்பதுதான் இந்தத் துறையில் பெரிய சிரமம்.

வீட்டில் செய்து பாருங்கள்

இதையெல்லாம் அந்தத் தெருக்காரரிடம் சுருக்கமாகச் சொல்லி, எக்ஸெலில் மூன்று காலம் கொண்ட ஓர் அட்டவணை தயார் செய்து கொடுத்தேன். தேதி, கேம் உண்டா இல்லையா, கோப மார்க். தினமும் மாலை நாணயம் சுண்ட வேண்டும். பூ விழுந்தால் ஒரு மணி நேரம் கேம். தலை விழுந்தால் கிடையாது. மார்க் போட வேண்டியவர் ஏழு மணிக்கு வேலையிலிருந்து திரும்பும் அம்மா. அன்று கேம் உண்டா என்பதை அவரிடம் சொல்லக் கூடாது. தெரிந்தால் மார்க் சாய்ந்துவிடும். 1 என்றால் அமைதி, 5 என்றால் வெடி.

20 நாள் கழித்துச் சராசரி பார்த்தோம். கேம் ஆடிய 11 நாட்களுக்கு 2.6, ஆடாத 9 நாட்களுக்கு 2.7. வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். 4, 5 மார்க்குகள் பெரும்பாலும் கணக்கு டியூஷன் இருந்த செவ்வாய், வெள்ளிகளில் விழுந்திருந்தன. அப்பா உடனே "அப்படியானால் டியூஷன்தான்!" என்றார். அதுவும் இப்போதைக்கு ஊகம்தான். அதற்கும் தனியாகச் சோதனை வேண்டும் என்றேன். ஒரு பையன், 20 நாள் என்பது எல்லா வீட்டுக்கும் பொருந்தும் முடிவும் அல்ல.

கேம் அழிக்கப்படவில்லை. அன்றிரவு அப்பா மகனிடம் முதன்முறையாக, "டியூஷனில் என்னப்பா பிரச்சினை?" என்று கேட்டாராம்.